கொலுசு ஏஜென்ட் தவறான டூலைக் கூப்பிடுகிறது: டிஸ்கிரிப்ஷன் எழுதுவது எப்படி?

செவ்வாய்பேட்டை_கோடு (கேள்வி)

வணக்கம். சேலத்தில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு வாட்ஸ்அப் ஏஜென்ட் (ஏஐ மாடல் மூலம் தானாகப் பதில் சொல்லி வேலை முடிக்கும் புரோகிராம்) தயார் செய்கிறேன். வெளியூர் நகைக்கடைக்காரர்கள் தமிழிலோ தங்கிலீஷிலோ கேட்பார்கள். ஸ்டாக் பார்த்து, ரேட் சொல்லி, ஆர்டர் பதிவது வரை ஏஜென்ட் செய்ய வேண்டும். மாடல் கூப்பிடக்கூடிய ஃபங்ஷன்களான டூல்களும், ஒவ்வொன்றைப் பற்றியும் மாடல் படிக்க எழுதிய டிஸ்கிரிப்ஷனும் இப்போது இவைதான். பெயர்கள் கோடில் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன, இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன்.

சர்ச்_ஐட்டம்: “ஐட்டங்களைத் தேடும்.”
கெட்_ஸ்டாக்: “ஸ்டாக் விவரம் தரும்.” (ஐட்டம், டச் அதாவது வெள்ளியின் சுத்தம், சைஸ்)
கெட்_ரேட்: “ரேட் தரும்.”
கிரியேட்_ஆர்டர்: “ஆர்டர் போடும்.” (ஐட்டம், குவான்டிட்டி, தேதி)

“80 டச்ல 10 இன்ச் இருக்கா” என்று கேட்டால் பல நேரம் கெட்_ஸ்டாக் பக்கமே போவதில்லை. சர்ச்_ஐட்டத்தில் அந்த வாக்கியத்தை முழுசாகப் போட்டுத் தேடிவிட்டு “இல்லை” என்கிறது. சரக்கோ கடையில் இருக்கிறது. “12 கொலுசு வேணும்” என்றால் குவான்டிட்டி 12 என்று அனுப்புகிறது. டேட்டாபேஸ் டேபிளில் எண்ணிக்கை ஒற்றைக் கொலுசுக் கணக்கில் இருப்பதால் 6 ஜோடிக்குத்தான் ஆர்டர் விழுகிறது. “12 ஜோடி எடுத்தா என்ன ஆகும்” என்று விலை மட்டும் கேட்டவருக்கு ஆர்டரே பதிந்துவிட்டது. “5/6க்குள்ள வேணும்” என்பதை மே 6 என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னும் பெரிய மாடலுக்கு மாறினால் சரியாகுமா? இல்லை, டிஸ்கிரிப்ஷனிலேயே தீர்க்க முடியுமா?

நாலுரோடு_பைதான்

மாடலை மாற்றுவதைத் தள்ளிவையுங்க. இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு எந்த மாடலும் தடுமாறத்தான் செய்யும்.

ஒரு டூலைப் பற்றி மாடலுக்குப் போவது மூன்றே விஷயம்: பெயர், டிஸ்கிரிப்ஷன், இன்புட் ஸ்கீமா (என்னென்ன மதிப்புகள், எந்த வடிவில் தர வேண்டும் என்ற பட்டியல்). ஃபங்ஷனுக்குள் என்ன எழுதியிருக்கீங்க, டேபிளில் எண்ணிக்கை ஒற்றையா ஜோடியா, எதுவும் அதற்குத் தெரியாது. கோடை மூடிவிட்டு அந்த வரிகளை மட்டும் படித்துப் பாருங்க. “10 இன்ச் இருக்கா” என்ற கேள்விக்கு “ஐட்டங்களைத் தேடும்” என்பதும் பொருந்துகிறது, “ஸ்டாக் விவரம் தரும்” என்பதும் பொருந்துகிறது. எதைக் கூப்பிடுவது என்று முடிவெடுக்க அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை.

கடையில் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயங்கள் இருக்கும். டிஸ்கிரிப்ஷனில் முதலில் ஏற வேண்டியவை அவைதான். சர்ச்_ஐட்டத்துக்கு சர்ச்_டிசைன் என்றும், கெட்_ரேட்டுக்கு கெட்_சில்வர்_ரேட் என்றும் பெயர் மாற்றிவிட்டு (ரேட் பற்றிக் கீழே சொல்கிறேன்), கெட்_ஸ்டாக்கை நான் இப்படி எழுதுவேன்:

“ஒரு டிசைன், டச், நீளத்தில் எத்தனை ஜோடி கொலுசு இப்போது விற்பனைக்குக் கையிருப்பில் உள்ளது என்று தரும். வாடிக்கையாளர் ‘இருக்கா’, ‘எத்தனை ஜோடி கிடைக்கும்’, ‘உடனே அனுப்ப முடியுமா’ என்று கேட்கும்போது பயன்படுத்தவும். டிசைன் கோடு தெரியாவிட்டால் முதலில் சர்ச்_டிசைன் மூலம் கோடு பெறவும். டிசைன் சொல்லாமல் டச்சும் நீளமும் மட்டும் கேட்டால் டிசைன் கோடை விட்டுவிட்டு இதையே கூப்பிடலாம். பொருந்தும் எல்லா டிசைனும் வரும். பட்டறையில் வேலை நடக்கும் சரக்கும், வேறு ஆர்டருக்கு ஒதுக்கிய சரக்கும் இந்த எண்ணிக்கையில் சேராது. எடை என்பது ஒரு ஜோடியின் சராசரி, கிராமில். பில் எடை போட்ட பிறகுதான் முடிவாகும். விலை இதில் வராது, அதற்கு கெட்_சில்வர்_ரேட்.”

நீளமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறைத் தடுக்கிறது. ஒதுக்கிய சரக்கு சேராது என்று எழுதாவிட்டால், அலமாரியில் 40 ஜோடி இருக்கே என்று வாடிக்கையாளர் வாதம் செய்யும்போது ஏஜென்ட் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லும். எடை சராசரி என்று எழுதாவிட்டால் கிராமை ரேட்டால் பெருக்கி “மொத்தம் இவ்வளவுதான்” என்று உறுதி கொடுத்துவிடும்.

அடுத்தது பாராமீட்டர்கள், அதாவது டூலுக்கு அனுப்பும் மதிப்புகள். உங்கள் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

டச்: கடையில் 92.5 என்று நூற்றுக்குச் சொல்கிறோம். ஹால்மார்க்கில் அதே வெள்ளி 925, ஆயிரத்துக்கு. வாடிக்கையாளர் இரண்டையும் எழுதுவார். “சுத்த வெள்ளியின் சதவீதம், 100-க்கு. ஹால்மார்க் எண் 925 என்றால் 92.5” என்று பாராமீட்டர் டிஸ்கிரிப்ஷனில் எழுதி, மேக்சிமம் 100 என்று ஸ்கீமாவில் போடுங்க. எல்லா மாடல் ஏபிஐ-யும் (உங்கள் கோடு மாடலைக் கூப்பிடும் இணைப்பு) மேக்சிமத்தைக் கட்டாயப்படுத்தாது. அதனால் உங்கள் கோடிலும் சோதியுங்க. 925 வந்தால் 10-ஆல் வகுக்கும் ஒரு வரி கோடிலேயே இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

நீளம்: 9, 9.5, 10, 10.5, 11 என்று நீங்கள் வைத்திருக்கும் அளவுகளை எனமாக (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) கொடுத்துவிடுங்க. பெயர் “சைஸ்” வேண்டாம், “நீளம்_இன்ச்” என்று யூனிட்டோடு வையுங்க.

குவான்டிட்டி: பெயரையே “ஜோடி_எண்ணிக்கை” என்று மாற்றுங்க. டேபிளில் ஒற்றையாக இருந்தால் 2-ஆல் பெருக்குவது உங்கள் கோடின் வேலை. மாடலிடம் “2-ஆல் பெருக்கி அனுப்பு” என்று எழுதினால் பத்தில் ஒருமுறை மறக்கும், அல்லது ஏற்கெனவே பெருக்கியதை மறுபடி பெருக்கும். “ஜோடி என்றோ ஒற்றை என்றோ சொல்லாமல் ‘12 கொலுசு’ என்று வந்தால் வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே நிரப்பவும்” என்ற வரியும் அங்கேயே வர வேண்டும்.

தேதி: ஸ்கீமாவில் ஃபார்மேட் “டேட்” என்று கொடுங்க. விளக்கத்தில் “ஆண்டு-மாதம்-நாள். வாடிக்கையாளர் 5/6 என்று எழுதினால் நாள் முதலில், மாதம் அடுத்து: ஜூன் 5” என்று எழுதுங்க. இன்றைய தேதியை சிஸ்டம் பிராம்ப்டில் (மாடலுக்கு முதலிலேயே தரும் பொதுக் குறிப்பு) தராமல் “அடுத்த வெள்ளிக்கிழமை” என்பதை எந்த மாடலாலும் சரியாகக் கணக்கிட முடியாது.

கெட்_ரேட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “ரேட் என்ன” என்றால் அது வெள்ளி ரேட்டாகவும் இருக்கலாம், செய்கூலியாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே டூலில் “ரேட்” என்று வைத்தால் ஏஜென்ட் ஒன்றுக்கு இன்னொன்றைச் சொல்லும். கெட்_சில்வர்_ரேட், கெட்_கூலி என்று பிரியுங்க. ஒவ்வொன்றிலும் கிராமுக்கா கிலோவுக்கா, 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்ததா சேர்க்காததா, எத்தனை மணி நிலவரம் என்று ரிசல்ட்டிலேயே ஃபீல்டாக வரட்டும்.

அஸ்தம்பட்டி_ஏபிஐ

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆர்டர் தானாக விழுந்த விஷயத்தை மட்டும் டிஸ்கிரிப்ஷனால் தீர்க்க நினைக்காதீர்கள். “வாடிக்கையாளர் உறுதி செய்த பிறகே பயன்படுத்து” என்று எழுதினால் தவறு குறையும், ஆனால் நிற்காது. பணமும் சரக்கும் நகரும் இடத்தில் தடையைக் கோடில்தான் வைக்க வேண்டும்.

கிரியேட்_ஆர்டரை இரண்டாக உடையுங்கள். ஆர்டர்_டிராஃப்ட் என்பது டிசைன், டச், நீளம், ஜோடி, தேதி வாங்கிக்கொண்டு, மொத்தத்தைக் கணக்கிட்டு, ஒரு டிராஃப்ட் எண் தரும். எதையும் பதியாது. ஆர்டர்_கன்ஃபர்ம் அந்த டிராஃப்ட் எண்ணை மட்டுமே வாங்கும். வாட்ஸ்அப்பில் டிராஃப்டோடு “சரி / வேண்டாம்” என்று பட்டன் அனுப்பி, அந்த எண்ணுக்கு “சரி” வந்திருக்கிறதா என்று கன்ஃபர்ம் ஃபங்ஷன் உங்கள் டேபிளில் பார்க்கட்டும். வராமல் மாடல் கூப்பிட்டால் எர்ரர். இப்போது “12 ஜோடி எடுத்தா என்ன ஆகும்” என்ற கேள்விக்கு டிராஃப்ட் போட்டாலும் நஷ்டமில்லை. சொல்லப்போனால் அதுதான் சரியான பதிலும்கூட.

இன்னொரு ஓட்டையும் இதோடு அடைபட வேண்டும். உங்கள் சர்வர் நேரத்துக்கு 200 (“கிடைத்தது” என்ற குறியீடு) பதில் தராவிட்டால் வாட்ஸ்அப் அதே வெப்ஹுக்கை (செய்தி வந்ததை உங்கள் சர்வருக்குச் சொல்லும் அழைப்பு) திரும்ப அனுப்பும். மாடல் யோசித்துப் பதில் தரும் வரை வெப்ஹுக்கைப் பிடித்து வைத்திருந்தால் ஒரே செய்தி இரண்டு முறை ஓடி, இரண்டு ஆர்டர் விழும். செய்தி வந்ததும் 200 கொடுத்துவிட்டு, வேலையை வரிசையில் போடுங்கள். செய்தியின் ஐடியைச் சேமித்து, அதே ஐடி மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள்.

டூல்களை எம்சிபி (ஏஐ மாடல்களோடு டூல்களை இணைக்கும் பொது நெறிமுறை) சர்வராகக் கொடுக்கிறீர்களா? 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட அந்த நெறிமுறையில் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்), டிஸ்ட்ரக்டிவ் (அழிக்கக்கூடியது), ஐடெம்பொடென்ட் (திரும்ப ஓட்டினாலும் கூடுதல் விளைவு இல்லை) என்று குறிப்புகள் பிறகு சேர்ந்தன. கெட்_ஸ்டாக்குக்கு ரீட்-ஒன்லி என்று போட்டால், கிளையன்ட் (டூலைக் கூப்பிடும் செயலி) ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் ஓடவிடலாம். எதுவும் போடாவிட்டால் “படிக்க மட்டும் அல்ல, அழிக்கவும் கூடும்” என்பதுதான் இயல்பான அர்த்தம். ஆனால் இவை வெறும் குறிப்புகள், பூட்டு அல்ல. வெளியார் சர்வரின் குறிப்பை நம்பி எதையும் திறந்துவிடக் கூடாது. வெளியார் டூலின் டிஸ்கிரிப்ஷனையும் அப்படியே நம்பாதீர்கள். அந்த வரிகளும் மாடலின் பிராம்ப்டுக்குள்தான் போகின்றன, அதில் யாராவது வேறு கட்டளையை ஒளித்துவைக்க முடியும்.

ஏற்காடு_மிளகு

எல்லோரும் டூலுக்குள் போவதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். வெளியே வருவதையும் பாருங்கள். உங்கள் முதல் சிக்கலில் சர்ச் வெறும் காலி லிஸ்ட் தந்தது, ஏஜென்ட் “இல்லை” என்றது. காலி லிஸ்ட் வேறு என்ன சொல்லும் என்று மாடல் நினைக்க முடியும்?

காலியாக வருவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். அந்தப் பெயரில் டிசைனே இல்லை. டிசைன் உண்டு, கையிருப்பு 0. டேட்டாபேஸ் பதில் தரவில்லை. மூன்றுக்கும் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய பதில் வேறு வேறு. ஆகவே ரிசல்ட்டில் அதைச் சொற்களாகவே எழுதி அனுப்புங்கள்:

“‘80 டச்ல 10 இன்ச் இருக்கா’ என்ற பெயரில் டிசைன் இல்லை. இந்த டூல் டிசைன் பெயரை மட்டும் தேடும். டச், நீளம் வைத்துத் தேட கெட்_ஸ்டாக் பயன்படுத்தவும்.”

இப்படி ஒரு பதில் வந்தால் மாடல் அடுத்த அடியிலேயே சரியான டூலுக்குப் போய்விடும். டேட்டாபேஸ் விழுந்திருந்தால், “கையிருப்பைப் பார்க்க முடியவில்லை. சரக்கு இல்லை என்று சொல்ல வேண்டாம். ஒருமுறை மட்டும் திரும்ப முயலவும், பிறகு கடை ஆளிடம் ஒப்படைக்கவும்” என்று எர்ரர் குறியோடு அனுப்புங்கள். வெறும் “422” என்ற எர்ரர் எண்ணையோ பைதான் ட்ரேஸ்பேக்கையோ (கோடு எங்கே விழுந்தது என்ற நீண்ட பட்டியல்) அனுப்பினால் மாடல் அதே உள்ளீட்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருக்கும்.

இங்கே மலையில் காபி எஸ்டேட் கணக்குக்கு டூல் எழுதும்போதும் இதே கதைதான். “செர்ரி” என்றால் பறித்த ஈரப் பழமும் அதுதான், தோலோடு காயவைத்த காபியும் அதுதான். “செர்ரி எவ்வளவு இருக்கு” என்ற கேள்விக்கு இரண்டில் எதைச் சொன்னாலும் எண் சரியாகத்தான் தெரியும், கணக்கு மட்டும் தப்பாகிவிடும். அதனால் எனம் பட்டியலில் “பழம்_ஈரம்”, “செர்ரி_காய்ந்தது”, “பார்ச்மென்ட்” (பழத்தோல் நீக்கி உள்உமியோடு காயவைத்தது) என்று தனித்தனியாக வைக்க வேண்டும். பழம் கிலோவில், காய்ந்தது 50 கிலோ மூட்டையில் என்று யூனிட் ரிசல்ட்டில் எண்ணோடு ஒட்டியே வர வேண்டும். கீழே ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைக்கு யாராவது எழுதினால், மரவள்ளிக்கு விலை பேசும் “பாயிண்ட்” என்பது மாவுச்சத்தின் அளவு என்று எழுதியே ஆக வேண்டும். மாடலுக்குப் பாயிண்ட் என்றால் நூறு அர்த்தம்.

ரிசல்ட்டின் அளவும் முக்கியம். டச்சும் நீளமும் மட்டும் கேட்டால் 300 டிசைன் வரலாம். 20 வரியோடு நிறுத்தி, “மொத்தம் 300-ல் முதல் 20. குறைக்க எடை வரம்பு சேர்க்கவும்” என்று கடைசியில் ஒரு வரி வையுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் 20-தான் மொத்தம் என்று ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் சொல்லும். 36 எழுத்து யூயூஐடி-யை (டேட்டாபேஸ் தானாகத் தரும் நீண்ட அடையாள எண்) அனுப்புவதற்குப் பதில், கடையில் புழங்கும் டிசைன் கோடும் பெயரும் அனுப்புங்கள். நீளமான ஐடியைப் பிரதி எடுக்கும்போது மாடல் ஓர் எழுத்தை மாற்றிவிட வாய்ப்புண்டு.

செவ்வாய்பேட்டை_கோடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. டிராஃப்ட், கன்ஃபர்ம் பிரிப்பை உடனே செய்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். டிஸ்கிரிப்ஷன் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா? “ஆடி 18க்குள்ள அனுப்பிடுங்க” என்று வருகிற ஆர்டர்களுக்கு என்ன செய்வது?

நாலுரோடு_பைதான்

டூல் பெயரில் தேர்வே கிடையாதுங்க. பெரிய ஏபிஐ-கள் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, ஹைஃபன் மட்டும்தான், 64 எழுத்துக்குள். டிஸ்கிரிப்ஷன் தமிழில் இருந்தாலும் மாடல் புரிந்துகொள்ளும். ஆனால் அதே விஷயத்துக்குத் தமிழ் எழுத்தில் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு, கட்டணமும் அதற்குத்தான்) கூடுதலாக ஆகும். டூல் டெஃபினிஷன் எல்லாம் ஒவ்வொரு அழைப்பிலும் சேர்ந்தே போவதால் செலவும் கூடும். நான் வாக்கியங்களை எளிய ஆங்கிலத்தில் எழுதி, வியாபாரச் சொற்களை மட்டும் தமிழிலும் தங்கிலீஷிலும் பக்கத்தில் வைப்பேன்: கொலுசு, ஜோடி, டச், கூலி, சேதாரம், கெட்டி, முத்து. வாடிக்கையாளர் அடிக்கும் எழுத்துக்கூட்டல் பல விதமாக இருக்கும், அதில் அடிக்கடி வருவதை மட்டும் சேர்த்தால் போதும். சர்ச் ஃபங்ஷனுக்குள் ஒரு மாற்றுப்பெயர் டேபிள் இருந்தால் டிஸ்கிரிப்ஷன் இன்னும் சுருங்கும்.

டிஸ்கிரிப்ஷனைத் தமிழில் எழுதினால் கடை முதலாளியே படித்துத் திருத்த முடியும் என்பது பெரிய லாபம். டூல் ஐந்தாறுதான் என்றால் அந்தக் கூடுதல் டோக்கனுக்குத் தயங்க வேண்டாம்.

ஆடி 18 ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் விழும், ஆண்டைப் பொறுத்து. மாடலை விட்டுக் கணக்கிட வைக்காதீங்க. பண்டிகைத் தேதிகளைப் பஞ்சாங்கம் பார்த்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு டேபிளில் ஏற்றி, தேதி_மாற்று என்று சின்ன டூலாகக் கொடுங்க: “தமிழ் மாதத் தேதியோ பண்டிகைப் பெயரோ வந்தால் ஆங்கிலத் தேதி தரும். டேபிளில் இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் கேட்கவும்.” கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, தீபாவளி, பொங்கல், அட்சய திருதியை எல்லாம் அதிலேயே அடங்கும்.

அஸ்தம்பட்டி_ஏபிஐ

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனைத் தொகுப்பு தயார் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எது முன்னேற்றம் என்று தெரியாது. கடையின் பழைய வாட்ஸ்அப் செய்திகளிலிருந்து பெயர், எண் நீக்கி 40 கேள்வி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த டூல், என்ன மதிப்புகள் என்று எழுதுங்கள். அதில் 8 அல்லது 10 கேள்வி எந்த டூலும் தேவைப்படாததாக இருக்கட்டும்: “கடை எத்தனை மணிக்கு”, “வணக்கம் அண்ணா”. தகவல் குறைவான சிலவும் வேண்டும். “கொலுசு வேணும்” என்றால் ஏஜென்ட் திருப்பிக் கேட்பதுதான் சரியான விடை.

மாடலின் பதில் ஒவ்வொரு முறையும் மாறலாம், ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் 5 முறை ஓட்டுங்கள். டூல் தவறா, டூல் சரி மதிப்பு தவறா என்று பிரித்து எண்ணுங்கள். முதலாவது என்றால் டூல் டிஸ்கிரிப்ஷனிலும் பெயரிலும் கை வையுங்கள். இரண்டாவது என்றால் பாராமீட்டர் விளக்கத்திலும் ஸ்கீமாவிலும். ஒரு நேரத்தில் ஒரு டிஸ்கிரிப்ஷனை மட்டும் மாற்றுங்கள். கெட்_ஸ்டாக்கில் ஒரு வரி சேர்த்தால் சர்ச்சுக்குப் போக வேண்டியதும் அதற்கே போகத் தொடங்கும், எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

செவ்வாய்பேட்டை_கோடு

டிராஃப்ட் டூலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“ஆர்டர் வரைவு தயாரித்து மொத்தத்தையும் டிராஃப்ட் எண்ணையும் தரும். எதையும் பதியாது. வாடிக்கையாளர் வாங்க விரும்பும்போதோ, குறிப்பிட்ட ஜோடிகளுக்கு மொத்த விலை கேட்கும்போதோ பயன்படுத்தவும். முக்கியம்!! மிகவும் கவனமாகப் பயன்படுத்தவும். எல்லா விவரமும் கட்டாயம். எடுத்துக்காட்டு: 80 டச், 10 இன்ச், 12 ஜோடி.”

ஏற்காடு_மிளகு

முதல் மூன்று வாக்கியம் அருமை, தொடாதீர்கள். மற்றதை மாற்ற வேண்டும்.

“முக்கியம்!! மிகவும் கவனமாக” என்பதில் என்ன செய்ய வேண்டும் என்ற தகவல் எதுவும் இல்லை. இப்போதைய மாடல்கள் இப்படி அழுத்திச் சொன்னால் தேவைக்கு மேல் தயங்கும், அல்லது தேவையில்லாத இடத்திலும் அந்த டூலையே பிடித்துக்கொள்ளும். எடுத்துவிடுங்கள்.

“எல்லா விவரமும் கட்டாயம்” என்பதோடு அந்த எடுத்துக்காட்டும் சேர்ந்தால் ஆபத்து. வாடிக்கையாளர் டச் சொல்லாதபோது கட்டாய ஃபீல்டை நிரப்ப மாடலுக்கு ஒரு எண் வேண்டும். பக்கத்திலேயே 80 இருக்கிறது, அதை எடுத்து நிரப்பிவிடும். ஆகவே எடுத்துக்காட்டை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இதை வையுங்கள்:

“டிசைன், டச், நீளம், ஜோடி எண்ணிக்கை நான்கையும் வாடிக்கையாளரே இந்த உரையாடலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். விடுபட்டவற்றை ஒரே செய்தியில் சேர்த்துக் கேட்கவும். டெலிவரி தேதி சொல்லாவிட்டால் காலியாக விடலாம்.”

ஸ்கீமாவிலும் தேதியை ரிக்வயர்டு (கட்டாய ஃபீல்டு) லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே இருந்தால் இந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்யாது.